அத்தை கண்டெடுத்த நண்டுகள்

என்னோடு ஒரே வகுப்பில் படித்த உங்களுக்கு அந்த வாடை நினைவிருக்கும். துறைமுகத்தை ஆழப்படுத்துகிறோம் என்று கடலின் அடியிலிருந்து மண்ணை வாரி வாரி மேலே கொண்டுவந்த காலம் அது. ராயபுரத்தில் காலையில் ஜன்னலைத் திறந்தால், மீன் வாடைக்கு மேலே இன்னொரு வாடை வரும். அழுகிய முட்டையும் தீக்குச்சி மருந்தும் சேர்ந்தாற்போல ஒன்று. வகுப்பில் யாராவது ஒருத்தி மூக்கைப் பிடித்தால் நாம் எல்லோரும் சேர்ந்து பிடிப்போம். நான் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் பிடிப்பேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்த வாடை எங்கள் வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அப்பா அந்த மண் வாரும் கப்பலில்தான் வேலை பார்த்தார். கடலடிச் சேற்றைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும் பெரிய குழாயின் வாயில் ஓர் இரும்புச் சல்லடை இருக்கும். அதில் சிக்குகிற கட்டை, கயிறு, சங்கிலி, கல் எல்லாவற்றையும் பிடுங்கி அகற்றுவது அவர் வேலை. சாந்தமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடற்குழுவோடு நின்று அடிக்குரலில் பாடுவார். ஆனால் பேன்ட்டுக்குள் சட்டையைச் செருகிய யாராவது எதிரே வந்துவிட்டால் அவருடைய கைகள் தாமாகக் கட்டிக்கொள்ளும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஒன்றரை அறை வீட்டில் கட்டில் அவளுக்கு. நானும் அம்மாவும் கீழே. அப்பா வாசல் பக்கம். அத்தைக்கு அப்போது முப்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. கடைசிப் பெண் என்பதால் அந்த வயதிலும் அவள் எல்லோருக்கும் ‘பாப்பா’தான். கல்லூரியில் நிலவியல் படித்தவள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அவள் பட்டம் வாங்கிய போட்டோவுக்கு அப்பாவே சட்டம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். ஆனால் அவள் வேலைக்கு எழுதிப்போட்ட இடத்திலெல்லாம், காட்டுக்கும் மேட்டுக்கும் பெண்களை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரு கப்பல் ஏஜென்ட்டின் ஆபீஸில் டைப் அடிக்கப் போனாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகிற சமயம். தவக்காலம் என்று ஞாபகம், ஏனென்றால் வீட்டில் கறி இல்லை. அப்பா சாயங்காலம் வந்ததும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, உருளைக்கிழங்கு அளவில் ஒரு கல்லை எடுத்து அத்தையிடம் நீட்டினார்.

“பாப்பா, ஆபீஸ்ல காத்துக்குக் காகிதம் பறக்குதுன்னு சொன்னியே. இத்த மேல வச்சிக்கோ. சல்லடையில மாட்டிக்கினு இருந்துது.”

அத்தை அதை வாங்கி உருட்டினாள், முகர்ந்தாள், பிறகு நுனி நாக்கால் தொட்டாள். அம்மா ஓடிவந்து அதைத் தட்டிவிடப் பார்த்தாள். “அய்ய, கலீஜ்! எந்த சாக்கடையில கெடந்துதோ, அத்தப் போய் நக்கிக்கினு!”

அத்தை பின்கட்டுக்குப் போய், அம்மிக் குழவியை எடுத்து அந்தக் கல்லைத் தட்டினாள். இரண்டாவது தட்டில் அது லட்டு உடைவதுபோல இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு நண்டு. அம்மா வாரத்துக்கு ஒரு தரம் மிளகு போட்டு ஆக்குகிற அதே நண்டு. மடக்கிய கால்கள், கொடுக்கு, முதுகில் பொடிப் பொடியாகப் புள்ளிகள். எல்லாம் கல். அத்தை வாயைக் குவித்து நீளமாக ஒரு விசில் அடித்தாள். சந்தில் இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன.

“அண்ணே, இது செத்து லட்சக்கணக்கான வருஷம் ஆயிருக்கும் தெரியுமா?”

இரண்டு நாள் கழித்து அவளே அதைத் திருத்திக்கொண்டாள். பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “தப்பா சொல்லிட்டேன்ண்ணே. கடலு அடியில கீற களிமண்ணுக்கு அவ்ளோ வயசு ஆவாது. ஆயிரக்கணக்குல வேணா இருக்கலாம்” என்றாள். ஏதோ பெரிய ஏமாற்றம் போல அப்பா உச்சுக்கொட்டினார். அவளுக்கோ அதில் ஒரு வருத்தமும் இல்லை.

அதன் பிறகு அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த மேடுதான். துறைமுகத்தில் வாரிய மண்ணைப் பெரிய படகுகளில் ஏற்றி வடக்கே கொண்டுபோய், எண்ணூர் போகிற வழியில் உப்பங்கழியை ஒட்டிய பள்ளத்தில் குழாய் வழியாக இறைத்தார்கள். இன்றைக்கு அங்கே கன்டெய்னர்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டு நான் அந்த வழியே போயிருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அது கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறம். சுண்ணாம்புச் சூளைக்காகச் சிப்பி பொறுக்கும் பெண்கள் சிலர் கூடையோடு அலைவார்கள். வேறு ஆள் நடமாட்டம் கிடையாது.

பெண் பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று, கோடை விடுமுறை விட்டதும் அம்மா என்னைக் கூட அனுப்பினாள். காவலுக்கு. பத்து வயதுக் காவல். அத்தை பூசை முடிந்த கையோடு கோயில் சேலையை மாற்றி, பழைய நூல் சேலையை முழங்காலுக்குச் செருகி, அப்பாவின் கிழிந்த ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொள்வாள். காலுக்கும் பூட்ஸுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் துணியைத் திணித்துக்கொள்வாள். அந்தக் கோலத்தில் அவளோடு பஸ் ஏற எனக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டு சீட் தள்ளித்தான் உட்காருவேன்.

மேட்டில் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தாள். குழாய் வாய் இருக்கிற இடத்தில் சிப்பியும் கல்லும் முதலில் விழுந்து தங்கிவிடும். அங்கே தரை கெட்டி. மெல்லிய சேறு மட்டும் ஓடிப்போய்த் தூரத்தில் தேங்கும். அதன் மேல் வெயில் பட்டு ஓடு கட்டும். பார்த்தால் சிமென்ட் தளம் மாதிரி இருக்கும், அடியில் கூழ். “வெடிச்சிக்கினு பாளம் பாளமா கீது பாரு, அது கிட்ட போவக்கூடாது. சிப்பி மேலதான் நடக்கணும். இன்னா?” என்பாள். நான் தலையாட்டுவேன். அவள் குனிந்தால் மதியம்வரை நிமிர மாட்டாள். நான் சிப்பிக் குவியல் மேல் குந்திக்கொண்டு, காதில் காற்று அறைய, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருப்பேன். அவ்வப்போது தூரத்திலிருந்து விசில் கேட்கும். கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

திரும்பும்போதுதான் எனக்குச் சாவு. ரெக்ஸின் பையில் இருபது முப்பது கல். இரண்டு பேர் காலிலும் முழங்கால்வரை சாம்பல் சேறு. பஸ்ஸில் நாங்கள் ஏறியதும் ஜனங்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். ஒரு தடவை, நம் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா எழுந்து முன்பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தத் தோழியும் கூட இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை அதையெல்லாம் பார்க்கவேயில்லை. மடியில் ஒரு கல்லை வைத்து, புடவை முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலுக்கு அடியில் மூன்று மீன் தட்டுகள் நிறைந்தன. எல்லாக் கல்லிலும் நண்டு இருக்காது. பத்து உடைத்தால் ஒன்றில் இருக்கும்; அதிலும் பாதி முழுசாக இருக்காது. இறால் வால் மட்டும், கொடுக்கு மட்டும், சில சமயம் வெறும் துளை. முழுசாகக் கிடைத்தவற்றில் மிகச் சிறந்ததாக ஒன்று இருந்தது. உள்ளங்கை அகலம், இரண்டு கொடுக்கையும் முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு, யாரோ அடிக்க வந்ததைத் தடுப்பதுபோல அப்படியே கல்லாகிப்போன நண்டு. பின்னல் ஊசியால் அத்தை பல நாள் அதன் மேல் இருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தாள். பிறகு தான் படித்த கல்லூரிக்குக் கடிதம் போட்டாள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் எங்கள் சந்து முனையில் ஓர் அம்பாசிடர் கார் வந்து நின்றது. கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரும் இரண்டு மாணவர்களும் வந்தார்கள். அப்பா அன்று வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டோம். அம்மா, காபி போடச் சொல்லி அத்தையை உள்ளே அனுப்பினாள்.

பேராசிரியர் நல்லவர்தான். அதட்டிப் பேசாதவர். தட்டுகளை வெளியே இழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தப் பெரிய நண்டு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு அப்பாவிடம், “நீங்கதானே டிரெட்ஜர்ல வேலை செய்றது?” என்று கேட்டார்.

“ஆமாங்க சார்.”

“பிரமாதம். ரொம்ப பொறுமையா சேர்த்திருக்கீங்க. இதெல்லாம் நீங்களே எடுத்ததா?”

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஸ்டவ் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“ஆமாங்க சார்” என்றார்.

அத்தை காபித் தட்டோடு அறைவாசலில் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் வந்து காபி கொடுத்தாள். “சார், நான்தான் லெட்டர் எழுதினது” என்றாள். “அப்படியாம்மா, சந்தோஷம். அண்ணனுக்காக நீயாவது எழுதினியே” என்றார் அவர். பிறகு எது எந்த மண்ணில் கிடைத்தது, எவ்வளவு ஆழத்து மண் என்றெல்லாம் அப்பாவைத்தான் கேட்டார். அப்பா அத்தையைப் பார்ப்பார். அத்தை சொல்வாள். பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே அடுத்த கேள்வியை அப்பாவிடம் கேட்பார். போகும்போது நல்லதாக இருந்த பன்னிரண்டு நண்டுகளை வைக்கோல் வைத்த கூடையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெரியதும் போயிற்று.

கார் போனதும் அம்மா நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அத்தைதான் ஆரம்பித்தாள்.

“ஏண்ணே அப்டி சொன்னே?”

“பின்ன இன்னா சொல்லச் சொல்றே? கல்யாணம் ஆவாத பொண்ணு, ஆளு அண்டாத மேட்டுல தனியா சுத்திக்கினு கீதுன்னு சொல்லவா? பேப்பர்ல கீப்பர்ல போட்டுட்டான்னா உன்ன எவன் கட்டுவான்? உனக்காகத்தான் பாப்பா சொன்னேன்.”

“எனக்கா?”

“பின்ன எனக்கா? அந்த நண்ட வச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்?”

அவளுக்காகத்தான் என்று அப்பா சொன்னது பொய்யில்லை. அதை அவர் நிஜமாகவே நம்பினார். ஆனால் பத்திரிகையில் அது வந்த அன்று, விடிகாலையில் எழுந்து தலைக்குக் குளித்து, கடைக்கு அவரே நடந்துபோய் நான்கு பிரதி வாங்கிவந்தார். ‘கடலடியில் கல் நண்டுகள்: துறைமுகத் தொழிலாளி கண்டெடுத்தார்’. கையில் அந்தப் பெரிய நண்டோடு அப்பாவின் படம். கல்லூரிக்கு அழைத்துப் படம் எடுத்திருந்தார்கள் போலும். வீட்டில் எங்களிடம் சொல்லவில்லை.

அப்போது பள்ளி திறந்திருந்தது. அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டி நான் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். உங்களில் சிலர் அதை வாங்கிப் பார்த்தீர்கள். ஆசிரியை கூட அதைப் பலகையில் குத்திவைத்தார். பஸ்ஸில் அம்மாவோடு எங்களை விட்டு விலகிப்போன அந்தத் தோழி, இடைவேளையில் என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாள். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருந்தது. நாற்றமடிக்கிற ஓர் அத்தைக்குப் பதிலாகப் பத்திரிகையில் வந்த ஓர் அப்பா. அந்த வயதில் அந்த மாற்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

தொழிற்சங்கத்தில் அப்பாவுக்குச் சால்வை போட்டார்கள். அத்தையும் வந்திருந்தாள். பெண்கள் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். அடுத்த ஞாயிறு பூட்ஸை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் மேட்டுக்குக் கிளம்பினாள். இந்த முறை அப்பா அவளைத் தடுக்கவுமில்லை, அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்த சமயம், பேராசிரியர் அந்த இரண்டு மாணவர்களோடு மறுபடி வந்தார். கிடைத்த இடத்தை நேரில் பார்க்கவேண்டும் என்றார். அப்பா வழிகாட்ட வேண்டும். அப்பாவுக்கு முகம் வெளுத்துப்போனது. அவர் வேலை கப்பலில். அந்த மேட்டில் அவர் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. “பாப்பா, நீயும் வா. சார்ங்களுக்கு நாஸ்டாவும் தண்ணியும் எடுத்துக்கினு வா” என்றார். அப்படித்தான் அத்தை அன்று வந்தாள், தூக்குப் பாத்திரத்தோடு. ஆபீஸுக்குக் கட்டுகிற நீலப்பூ போட்ட சேலையும் செருப்புமாக வந்தாள். அந்த ஆட்கள் முன்னால் பூட்ஸ் போட அப்பா விடவில்லை. நானும் அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். காரில் போகலாம் என்ற ஆசைதான்.

மேட்டில் அப்பா எல்லோருக்கும் முன்னால் நடந்தார். முதலில் சிப்பித் தரை. அங்கே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பேராசிரியருக்குத் தூரத்தில், வெடித்துக் கிடந்த பாளங்களுக்கு அப்பால் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. “அங்கே போகலாமா?” என்றார். “போலாம் சார்” என்றார் அப்பா.

“அண்ணே, அப்பால போவாத. அங்க மேல மட்டுந்தான் காஞ்சிக்கீது” என்றாள் அத்தை.

பேராசிரியர் சிரித்தார். “பயப்படாதேம்மா. இந்த மண்ணோடவே பழகினவர் அவர்.”

அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றும் தெரிகிறது. அவளை நம்பினார். அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். ஆனால் இப்போது நின்றால், ஏன் நின்றோம் என்று சொல்லவேண்டியிருக்கும். அவர் நடந்தார். ஏழெட்டு அடி வைத்திருப்பார். ஓடு உடைகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நின்ற இடத்தில் குட்டையாகிவிட்டார். முதலில் முழங்கால், பிறகு தொடை. காலைப் பிடுங்கப் பிடுங்க இன்னும் இறங்கினார். அடியிலிருந்து அந்த அழுகல் வாடை குப்பென்று கிளம்பியது.

“பாப்பா!” என்று கத்தினார். சாரைக் கூப்பிடவில்லை.

“மல்லாக்க சாஞ்சிக்கோண்ணே! கால ஆட்டாத! கைய விரிச்சிப் படு!”

மாணவர்களில் ஒருவன் பாய்ந்து ஓடப் பார்த்தான். அத்தை அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். சுற்றிப் பார்த்தாள். கயிறு இல்லை, பலகை இல்லை. சிப்பி பொறுக்கும் பெண்கள் தூரத்திலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தார்கள். வந்து சேர நேரமாகும். அப்பாவுக்கு இடுப்புவரை போய்விட்டது. அத்தை தூக்குப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், பகல் வெளிச்சத்தில், தோளிலிருந்து முந்தானையை இழுத்துச் சேலையை மளமளவென்று அவிழ்த்தாள்.

பாவாடையும் ரவிக்கையுமாக நின்ற அவளை ஒரு மாணவன் பார்த்தான். இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டான். பேராசிரியர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். “சார், இந்தப் பக்கம் திரும்புங்க! இதப் புடிங்க!” என்று அவர் கையில் ஒரு முனையைத் திணித்துவிட்டு, மறு முனையை முடிச்சுப் போட்டு, அந்த ஓட்டின் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தாள். ஊர்ந்துபோய் முடிச்சை வீசினாள். இரண்டாவது தடவை அப்பாவின் கைக்கு எட்டியது. அதற்குள் அந்தப் பெண்களும் வந்துவிட்டார்கள். அத்தை சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். நீலப்பூ சேலை கயிறாக முறுக்கிக்கொண்டது. அப்பா வயிற்றால் நழுவி வெளியே வந்தபோது அவர் இடுப்பில் வேட்டி இல்லை, சேறுதான் இருந்தது. சிப்பித் தரையில் உட்கார்ந்து, குழந்தைபோல வாயைத் திறந்துகொண்டு அழுதார்.

பேராசிரியர் தன் துண்டை எடுத்து அப்பாவுக்குப் போர்த்தினார். அவரைக் காரில் ஏற்றினார்கள். சேறு படாமல் சீட்டில் பழைய பேப்பரை விரித்தார்கள். அவரைப் படுக்கவைத்ததில் எங்களுக்கு இடம் இல்லை. அத்தையிடம் பேராசிரியர், அவள் பக்கம் பார்க்காமலே, “உங்க அண்ணன் கொடுத்துவச்சவர்” என்றார். நானும் அத்தையும் பஸ்ஸில் வந்தோம். சிப்பி பொறுக்கும் ஓர் அம்மாள், தன் பழந்துணியை அவளுக்குச் சுற்றிவிட்டார். பஸ்ஸில் நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அது நல்ல குணத்தால் அல்ல. அந்தத் தூக்குப் பாத்திரத்தோடு தனியாக உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் வீடு வருவதற்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பா செத்துப் பிழைத்தது இல்லை. மற்றது.

“நாலு ஆம்பளைங்க முன்னாடி பொடவைய அவுத்துப் போட்டியாமே!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு வேட்டி கெடைக்கல? ஓடிப்போயி ஒரு கயிறு வாங்கியாரக்கூடாது? இனிமே கோயிலுக்கு எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது?”

அப்பா இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு, தலை துவட்டாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை அவரையே பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நானும் காத்திருந்தேன்.

“இனிமே அந்தப் பக்கம் போவாத பாப்பா” என்றார்.

“உசுரு போயிருக்கும்ண்ணே.”

“தெரியும். இல்லன்னு சொல்லல. ஆனா மானம்னு ஒண்ணு கீதில்ல?”

“யாரு மானம்?” என்று கேட்டாள் அத்தை. கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள்போலக் கேட்டாள். அப்பா துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினார். அவள் மறுபடி கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய்ச் சேலையை அலசினாள். சாம்பல் நிறம் போகவேயில்லை.

ஆபீஸிலும் பேச்சு பரவியது. கோயிலில் இருந்த கன்னியாஸ்திரீ ஒருவர் மூலம், அரியலூர்ப் பக்கம் பெண்கள் பள்ளி ஒன்றில் விஞ்ஞான ஆசிரியை வேலை இருப்பது தெரியவந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே அத்தை போய்விட்டாள். கட்டிலுக்கு அடியில் மிச்சமிருந்த கற்களை அவள் கொண்டுபோகவில்லை. வெள்ளையடிக்க வீட்டைக் காலி செய்தபோது அம்மா அவற்றை வாசற்படிப் பள்ளத்தில் கொட்டி, மேலே சிமென்ட் பூசச் சொன்னாள். கெட்ட எண்ணம் இல்லை. அவளுக்கு அது கல்தான். ஒரு கொடுக்கின் முனை மட்டும் சிமென்ட்டுக்கு மேலே கொஞ்ச காலம் தெரிந்தது. நாங்கள் மிதித்து மிதித்து அதுவும் தேய்ந்துபோனது.

நான் பள்ளிப் படிப்பை முடித்து டெலிபோன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், முதல் முதலாகத் தனியாக அவளைப் பார்க்கப் போனேன். அப்பா ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக்கொடுத்தார். “நீயே போய் பாத்துட்டு வாயேன்ப்பா” என்றேன். “லீவு இல்ல” என்றார்.

பள்ளியில் அவள் இல்லை. ஓடைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வெயிலில் அரை மைல் நடந்தேன். காய்ந்த ஓடையின் வெள்ளைக் கரையில் பதினைந்து இருபது பள்ளிப் பெண்கள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் சுத்தியலோடு கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் அத்தை. கறுத்து, தடித்து, தலையில் துண்டு கட்டி, காலில் அவளுக்குச் சரியான அளவில் பூட்ஸ். என்னைப் பார்த்ததும் விசிலடித்தாள். கருவாட்டுப் பொட்டலத்தை அங்கேயே பிரித்து மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“உங்கப்பன் எப்டி கீறான்?”

“நல்லா கீறாரு அத்தை.”

“லெட்டர்ல எழுதியிருந்தியே, நெஞ்சு வலி இன்னாச்சி?”

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் இரண்டு பெண்கள் ஒரு கல் சிப்பிக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி முதலில் பார்த்தாளாம்; இன்னொருத்தி தோண்டி எடுத்தாளாம். அத்தை இருவரையும் தனித்தனியாக விசாரித்தாள். பிறகு பையிலிருந்து வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்து, கல்லில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் மைப்பேனாவால் இரண்டு பெயரையும் பொடி எழுத்தில் எழுதினாள். என்ன சிப்பி, எந்தக் காலத்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திரும்பி நடக்கையில் என் செருப்பில் ஒரு கல் இடறியது. ஆட்டுக் கொம்புபோலச் சுருண்ட ஒரு கல் சிப்பி. அத்தை வாங்கிப் பார்த்து, “அடி என் கண்ணு, நல்லதா எடுத்துட்டியே!” என்றாள். நான் எடுக்கவில்லை, தடுக்கித்தான் விழப்போனேன் என்றேன். “கண்ணுல பட்டது உனக்குத்தானே” என்று சொல்லிப் பொட்டு வைத்து, ஊதிக் காயவைத்து, என் பெயரை எழுதிக் கொடுத்தாள். அதைக் கையில் வாங்கும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் அந்த ஊரிலேயே ஓய்வு பெற்றாள். அந்தக் கோயில் கல்லறையிலேயே அடக்கம் ஆனாள். அந்தப் பெரிய நண்டு இன்றும் கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. கீழே அப்பாவின் பெயர். போன வருஷம் போய், அதை மாற்றவேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாக உட்காரவைத்து, ஆதாரம் ஏதாவது இருக்கிறதா அம்மா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அன்று அந்தப் பத்திரிகைத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் நீங்கள்.

அந்த முதல் தடவை அரியலூரிலிருந்து நான் திரும்பிய அன்று இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை. லீவு இல்லை என்று சொன்ன அப்பா வீட்டில்தான் இருந்தார். அந்தச் சுருள் கல்லை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய், பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“நீயா எடுத்தே?”

“ஆமாப்பா.”

“நெசமாவா? அவ எடுத்துட்டு, உன் பேரப் போட்டுக் குடுக்கலியே?”

  கேட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி அவர் காதிலேயே விழுந்தது. அவர் கல்லை மேசைமேல் வைத்தார். என் பெயர் மேல்பக்கம் தெரியும்படி அதை ஒரு தரம் திருப்பிவைத்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, பித்தான் மாட்டாமலே, சந்தைத் தாண்டி வெளியே போனார். மதியம் அவர் சாப்பிட வரவில்லை. அம்மா இரண்டு தடவை குழம்பைச் சூடாக்கினாள்.